வெயிலில் இறங்க வேண்டாமுங்க

எங்கள் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து ஒரே ஆள்தான் சட்டமன்ற உறுப்பினர். எதிர்த்து நின்றவர்களே, தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்து நின்றார்கள். அதிலும் எங்கள் ஊர்ப் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம், அப்படியே அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஊர் ஆண்கள் அதை ஏதோ விருது வாங்கியதுபோல் சொல்லித் திரிந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அவர் முதல் தடவை நின்றபோது வீடு வீடாக நடந்தே வந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என் அப்பாவை மாமா என்று கூப்பிட்டு, அடுக்களை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா கையால் கம்மஞ்சோறு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை ஜீப்பில் வந்தார். நின்றபடியே மோர் குடித்தார். மூன்றாம் தடவை அம்பாசிடர் கார்.

அந்த மூன்றாம் தேர்தல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தேன். கோயம்புத்தூர் போகிற சாலையில் ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. அதில் சேர்ந்து கணக்குப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும், வழி நெடுகச் சோளக்காடு. வயசுப்பெண் தினமும் அப்படிப் போய் வரக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்தை எந்தச் சபையிலும் மாற்ற முடியாது. “பஸ்ஸு வந்தா அனுப்பறேன் அம்மணி” என்று மட்டும் சொன்னார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“ஏனுங்கப்பா, எம்மெல்லே வாரப்ப பஸ் ஒண்ணு கேளுங்க” என்று நச்சரித்தேன்.

“கேக்கறேன் கண்ணு.”

கார் வந்த அன்று அனல் அடித்தது. அம்மா இளநீர் சீவிக் கையில் வைத்திருந்தார். நான் கதவோரம் நின்று அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்க் கதவு பாதிதான் திறந்தது. அதற்குள் அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடினார்.

“இந்த வெய்யில்ல எதுக்குங்க மாப்ள எறங்கறீங்க? எறங்க வேண்டாமுங்க. நம்மூட்டு ஓட்டு வேற எங்கீங்க போவுது? போட்டுப்போடறோமுங்க. நீங்க மத்த ஊரப் பாருங்க.”

பாதி திறந்த கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்தே ஒரு கும்பிடு. கார் போய்விட்டது.

“பஸ்?” என்றேன்.

“ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட நாம ஒண்ணு கேட்டா பேரம் பேசற மாதிரி ஆயிருமே கண்ணு. சொந்தக்காரங்க வேற. நம்ம கொற அவருக்குத் தெரியாதா?”

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்க் கதவுதான் ஞாபகம் வரும். ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் இதே மரியாதை உண்டு. ஆனால் அங்கே ஓட்டு இரண்டு கட்சிக்கும் பிரியும். அவரிடம் அவர்கள் சொன்னது ஒரே வார்த்தைதான்: “பாக்கலாமுங்க.” அவர் இறங்கினார், உட்கார்ந்தார், என்ன வேண்டும் என்று கேட்டார். அடுத்த பொங்கலுக்குள் அந்த ஊருக்கு பஸ் ஓடியது. ஓடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதால் எங்களுக்கு அந்த ஊர் மெயின் ரோட்டைவிடத் தூரம்.

எனக்கு நல்ல மார்க் வந்தது. கல்லூரி விண்ணப்பத்தை வாங்கக்கூட யாரும் போகவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் சாணி அள்ளினேன், பால் கறந்தேன், அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிறகு காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆலை வைத்திருந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அதில் எனக்குக் குறை இல்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். இந்தத் தடவையும் அவர் காரை விட்டு இறங்கியிருக்க மாட்டார். ஆனால் எங்கள் வாசலில் ரேடியேட்டர் கொதித்து, வண்டி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, “நல்லாப் படிக்கற புள்ளையாச்சே மாமா, எந்தக் காலேஜுக்குப் போச்சு?” என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். “பஸ் இல்லீங்க. அதனால போகலீங்க.”

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். அது நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும், திட்டித் தீர்த்திருப்பேன்.

“என்னுங்க மாமா இது? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! ஓடைக்கு அந்தப்பக்கம் வர்ற பஸ்ஸையே இங்க வரைக்கும் நீட்டியிருக்கலாம். எங்கிட்ட ஒண்ணுமே கேக்காத ஊருன்னு உங்க ஊரத்தான் எல்லா எடத்துலயும் பெருமையாச் சொல்லிட்டிருக்கேன்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். எனக்கு எம்மெல்லேமேல் கோபம் வரவில்லை. அப்பாவின்மேலும் அப்போது கோபம் வரவில்லை.

அவர் வழக்கம்போல ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் மகள் பிறந்து மூன்றாம் மாதம் எங்கள் ஊருக்கு பஸ் வந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

மறுநாள் காலையில் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்த பஸ்ஸில் ஏறிப் போனார். என்ன ஜோலி என்று யாரிடமும் சொல்லவில்லை. வெயில் ஏறுவதற்குள் வெறும் கையோடு திரும்பி வந்துவிட்டார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் பேத்தியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“காலேஜ் வாசல்லயே நிக்குது கண்ணு” என்றார். “எறங்குனா நேரா உள்ள போயிரலாம்.”