கறுத்த அண்ணம்

உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர் சடையப்பன் இல்லையென்றால் ஒரு வேலையும் ஓடாது. எப்பேர்ப்பட்ட முரட்டு நாயையும் வாயைப் பிளந்து பிடித்துவிடுவார். டாக்டர் வெட்டித் தரும் கட்டியைப் புட்டியில் போட்டு, பேர் எழுதி ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டே சென்னைக்குப் பஸ்ஸில் போய்ப் பரிசோதனைக்குச் சேர்த்துவிட்டு வருவார். பக்கத்து சீட்டுக்காரர் "இன்னாது, ஊறுகாயா?" என்று கேட்டால், "ஆமா, வேணுமா?" என்பார். அப்படி இருந்த மனுஷன். மனைவி ராணியம்மாள் செத்து இரண்டு வருஷமாகிறது. அவர் அழுது யாரும் பார்க்கவில்லை. வருகிறார், நாயைப் பிடிக்கிறார், போகிறார்.

அந்த வருஷம், 2007இல், சென்னையிலிருந்து பிரபா என்ற ஆராய்ச்சி டாக்டர் வந்தார். நாய்களுக்கு வாயில் வரும் கறுப்புப் புற்றுநோயைப் பற்றி ஆராய்கிறவர். நம்ம பக்கத்தில் அது கண்ணில் படுவதே கஷ்டம். குட்டியாக வாங்கும்போதே வாயைத் திறந்து பார்த்து, அண்ணம் கறுத்திருந்தால்தான் சூட்டிகையான நாய் என்று தூக்கி வருகிற ஜனங்கள் ஆயிற்றே! காவாந்தண்டலம் ஏகாம்பரம் கொண்டுவந்த நாயின் ஈறில் நெல்லிக்காய் அளவு கறுப்புக் கட்டி. "கருவாய் நாய்ம்மா, ராசியானது" என்று அவருக்குப் பெருமை வேறு. அட கஷ்டகாலமே, நாய் ஒரு மாசமாகச் சோறு தின்னவில்லை.

சடையப்பன் பிடித்துக்கொள்ள, பிரபா கட்டியில் ஒரு துண்டு எடுத்தார். ரத்தமும் எடுத்தார்.

"ரத்தத்த வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணுவீங்க?"

"மரபணுவுல எங்க கோளாறுன்னு பார்ப்போம்ணா. இதே நோய் மனுஷங்களுக்கும் வருது. சிலருக்கு வாயில, சிலருக்கு உள்ளங்கால்ல. மச்சம் மாதிரி கறுப்பா இருக்கும், வலிக்காது. நாய்கிட்ட புரிஞ்சிக்கிட்டா மனுஷனுக்கு மருந்து தேடறது சுலபம்."

சடையப்பன் நாயின் வாயை விட்டுவிட்டார். ராணியம்மாளுக்குக் குதிகாலின் அடியில் அப்படித்தான் ஒரு கறுப்பு இருந்தது. முள் தைத்த இடம் என்றே நினைத்தார்கள். அது வளர்ந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் தொடையிடுக்கில் கட்டி வந்தது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகு ஆளே இல்லை. வீட்டில் இப்போது மகள் ஆதிலட்சுமி மட்டும்தான். இருபது வயசு. அச்சு அசல் அம்மா.

மனைவிக்கு வந்த நோவைப் பிரபாவிடம் சொன்னார். "அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வருமாம்மா?"

"பெரும்பாலும் வராதுண்ணா. ஆனா அவங்களுக்கு வந்தது இதுதானான்னு முதல்ல தெரியணும். வெட்டின கட்டிய டெஸ்ட் பண்ணியிருப்பாங்களே, ரிப்போர்ட் இருக்கா?"

"இல்ல."

"பரவாயில்ல, டெஸ்ட் பண்ண எடத்துல கட்டிய வெச்சிருப்பாங்க. கேட்டு வாங்கிடலாம்."

சடையப்பன் வேறு யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னார்.

"புட்டிய என் கையிலதான் குடுத்தாங்க, லேப்ல சேர்த்துடுன்னு. நாய்ங்க சதைய எத்தினியோ எடுத்துக்கினு போய்க்கீறேன். இது அவ ஒடம்பும்மா. உசுரோட கீறவ சதைய அனாதையா எங்கியோ வுட்டுட்டு வர மனசு வரல. கொல்லையில பொதைச்சி, பால் ஊத்திட்டேன்."

"ஐயோ... ரிப்போர்ட் எங்கன்னு யாருமே கேக்கலையா?"

"ஆஸ்பத்திரில கேக்கல. அவதான் தெனமும் கேட்டா. ரிப்போர்ட் வந்துடுச்சி, ஒண்ணும் இல்லியாம்னு சொன்னேன். அன்னிக்கு நல்லா சாப்ட்டா."