காய்ச்சல் வார்டுக்குப் பூப்போட்ட போர்வை

அந்தப் போர்வைகளைத் துரையின் சம்சாரம் தைக்கச் சொல்லி நாங்கள் தைத்துக் கொடுத்தோம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்களை யாரும் தைக்கச் சொல்லவில்லை. வாய் திறந்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

மலாக்கா பக்கம், அலோர் காஜாவுக்கும் கோலா சுங்கை பாருவுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதி வீடு காலி. மிச்சமிருந்த எங்களுக்குக் கூலியைக் குறைத்து, மரத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வருஷ மழையில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. தகரக் கூரை, பலகைக் கட்டில், கசப்பான கொய்னாத் தண்ணீர். கம்பளி எல்லாருக்கும் போதாது. எனக்கு ஒன்று கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி கிடந்தாள். முன்பு துரை பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்த அக்காவின் ஒரே மகள். அவளுக்கு அரிசிச் சாக்கைப் பிரித்துப் போர்த்திவிட்டிருந்தார்கள்.

"அக்கா, இந்தச் சாக்கு நாறுதுக்கா. எடுத்துடுக்கா" என்றாள். எடுத்தால் குளிரில் பல் அடித்துக்கொள்ளும். போர்த்தினால் கழுத்தெல்லாம் அரிக்கும். என் கம்பளியை அவள் மேல் போட்டேன். அரை மணியில் எனக்கே நடுக்கம் வந்தது. மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் உதவியாள் வந்து கம்பளியை மறுபடி என் மேலேயே போட்டுவிட்டுப் போனான். மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனதும், அதே சாக்கை உதறி, எதிர்க் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் மேல் விரித்தார்கள்.

நல்ல போர்வை இருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல்தான் அவளைக் கொன்றது. ஆனால் சாக்குக்கு அடியில் கிடந்து சாக வேண்டிய விதி எந்த மனுஷிக்கும் கிடையாது.

உடம்பு தேறி லயத்துக்கு வந்ததும், தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்களிடம் இதைச் சொன்னேன். "ஆளுக்கு ரெண்டு பழைய சேலை குடுங்க. நாமளே போர்வை தைப்போம். வார்டுல இருக்குற கட்டிலுக்கெல்லாம் தைப்போம்" என்றேன். சிலர் சிரித்தார்கள். கட்டிக்கொள்ளவே சேலை இல்லாத காலத்தில் கொடுக்கச் சேலை எங்கே இருக்கும்? அது நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பால் வெட்டப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. வேலையில்லாத நாளில் காலியாகக் கிடக்கும். கிழிந்த சேலை, சாயம் போன கைலி, கடையில் கேட்டு வாங்கிய கோதுமை மாவுச் சாக்கு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள்.

கடைசியாக அந்த அக்கா வந்தார். மகள் கட்டிய மாம்பழக் கலர் சேலையைக் கையில் வைத்திருந்தார்.

"செத்தவ சேலைய நோயாளிக்குப் போர்த்தலாமா?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். கேட்டவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் எல்லார் மனத்திலும் அதுதான் ஓடியது.

அக்கா சேலையைத் தரையில் விரித்தார். "எம் மக கட்டுன சேலை. கந்த இல்ல, கிழிசல் இல்ல. ஆகாதுன்னா சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போயிடுறேன். ஆனா அந்த வார்டுல ஒவ்வொரு கட்டில்லயும் யாரோ செத்துத்தான் இருக்காங்க. கட்டில மாத்தவா போறீங்க?"

கேட்டவளே எழுந்து போய் சேலையின் இன்னொரு முனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தாள்.

வேலை இப்படித்தான். சேலைகளை நாலாக மடித்து, நடுவில் வெளுத்த மாவுச் சாக்கை வைத்து, நான்கு ஓரமும் தைத்து, பிறகு போர்வை முழுக்க நெருக்கமாக நூலோட்டம் ஓட்ட வேண்டும். பால் வெட்டும் கையில் ரப்பர் பிசின் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். அதை உரித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் துணியைத் தொடுவோம்.

பூத்தையல் போட வேண்டும் என்று சொன்னது அக்கா. "வெறும் போர்வையாக் குடுத்தா வார்டுல தங்காது. யாராச்சும் வெளில வித்துப்புடுவாங்க. பாத்த ஒடனே தெரியணும், இது நம்ம பொம்பளைங்க தச்சதுன்னு." ஊசியில் நூலைக் கோத்தபடியே, "எம் மக தகர மோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. அங்க பாக்குறதுக்கு வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கலர் நூலுக்கு எங்கே போவது? மலாக்காவிலிருந்து பலகாரக் கூடையோடு ஒரு செட்டி அம்மா அவ்வப்போது தோட்டத்துக்கு வருவார். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, பேச்சு முழுக்க மலாய். எந்தக் காலத்திலோ வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம்; எங்கள் சாமிதான் அவருக்கும் சாமி, தமிழ்தான் வராது. நாங்கள் தைப்பதைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். "ஓராங் சாக்கிட்" என்றேன், நோயாளிகளுக்கு என்று. அடுத்த தடவை பலகாரத்துக்கு அடியில் ஒரு பொட்டலம் நிறைய நூல் வைத்துக்கொண்டு வந்தார். டவுனில் கெபாயாவுக்குப் பூவேலை செய்யும் வீடுகளில் மிஞ்சிய நூல். பச்சை, ஊதா, ரோஸ், அவ்வளவு நிறத்தை நாங்கள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

ஒருத்தி செம்பருத்தி போட்டாள். ஒருத்தி மயில் போட்டாள்; அது கோழி மாதிரி வந்தது. தம்பியை ஊருக்கு அனுப்பிவிட்ட ஒருத்தி கப்பல் போட்டாள், புகையோடு. நான் மல்லிகைக் கொடி போட்டேன். அக்கா மகளின் சேலையில் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரமாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஆண்கள் எங்களுக்கு ஊசிக் கூட்டம் என்று பேர் வைத்தார்கள். "எஞ் சட்டை கிழிஞ்சு தொங்குது. ஊராருக்குப் போர்வை தைக்கிறாளாம்" என்றார் என் வீட்டுக்காரர். "ஊசி பெட்டி மேல இருக்கு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார். பிறகு எடுத்துத் தைத்துக்கொண்டார். மோசமாகத்தான் தைத்தார், ஆனால் தைத்தார்.

பெரிய கிராணி அப்படி விடுகிற ஆள் இல்லை. ஆபீஸ் கணக்கும் எங்கள் தலையெழுத்தும் அவர் கையில். ஒரு ஞாயிறு ஆயாக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"யாரக் கேட்டுக் கூட்டம் போடுறீங்க?"

"கூட்டம் இல்லைங்க ஐயா, தையல்" என்றேன்.

ஒரு போர்வையைக் காலால் தள்ளிப் பார்த்தார். "காய்ச்சல்காரனுக்குப் பூப்போட்ட போர்வை கேக்குதா? இன்னிக்கு இதக் குடுத்தா நாளைக்குப் பட்டு மெத்த கேப்பீங்க."

மயில் போட்டவள் தலையைத் தூக்காமலே, "கேப்போம்ங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புதான் அவரைச் சுட்டது. எங்களை வெளியே வரச் சொல்லிக் கொட்டகையைப் பூட்டினார். அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நினைத்திருப்பார். நாங்கள் கோயிலுக்குப் பக்கத்தில், ரோட்டோரப் புல்தரையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். கொட்டகைக்குள் இருந்தவரை எங்களை யாரும் பார்த்ததில்லை. இப்போது தோட்டத்துக்கு வருகிறவன், போகிறவன் எல்லாம் பார்த்தான். இன்னும் நாலைந்து பேர் ஊசியோடு வந்து சேர்ந்தார்கள்.

அந்த ரோட்டில்தான் துரையின் காரும் போகும். ஒருநாள் கார் நின்றது. துரையின் சம்சாரம் இறங்கி வந்தார். வெள்ளைக்காரம்மா சீமையிலிருந்து வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. தமிழ் தெரியாது, சமையல்காரனோடு பேசும் அளவுக்கு மலாய் தெரியும். குனிந்து ஒவ்வொரு போர்வையாகத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கிராணி ஓடி வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு கிராணி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு அதிர்ஷ்டம்தான். மலாக்காவுல அம்மாவோட சங்கம் தரும விற்பன நடத்துது. இதையெல்லாம் அங்க விக்கக் குடுக்கணும். பணம் அனாத பிள்ளைங்களுக்குப் போவும். ஆஸ்பத்திரிக்கு அம்மா வேற கம்பளி வாங்கித் தருவாங்க."

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. வார்டுக்குன்னு தச்சது. அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

கிராணி திரும்பி அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா கையைக் கோத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார், தலையை ஆட்டினார். காரோட்டியைக் கூப்பிட்டு மூட்டை கட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் சொன்னதைக் கிராணி சொல்லவேயில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

பங்களாவில் அத்தனை வருஷம் இருந்த அக்கா அப்போது எழுந்தார். "மெம். டா மாவ் ஜுவால்" என்றார். விற்க மாட்டோம் என்று. தன் மகளின் சேலைப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் அந்த வார்டில் செத்ததையும், இது அந்தக் கட்டிலுக்கு என்பதையும் மலாயிலேயே சொன்னார்.

அம்மாவின் முகம் சிவந்தது. கிராணியைப் பார்த்தார். கிராணி தரையைப் பார்த்தார்.

எங்களுக்குள்ளேயே ஒருத்தி, "புதுக் கம்பளி கெடைச்சா நல்லதுதானே? குடுத்துடலாமே" என்று முணுமுணுத்தாள். எனக்கும் ஒரு நொடி அப்படித் தோன்றியது. கம்பளி கம்பளிதான், நோயாளிக்குச் சூடுதான் முக்கியம். ஆனால் நாங்கள் நல்லதாக ஒன்று செய்தால் அது டவுனுக்கு, எங்கள் நோயாளிக்கு மட்டும் மட்டமானது என்கிற கணக்கை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. "கம்பளியும் குடுக்கட்டும். நாம இதையும் குடுப்போம்" என்றேன். அக்கா அதையும் மலாயில் சொன்னார்.

அம்மா போர்வைகளை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கம்பளி கடைசிவரை வரவில்லை.

மறுநாள் ஆட்களை வரிசையில் நிறுத்தும் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது அக்காவையும் என்னையும் பள்ளத்துக் காட்டுக்கு மாற்றினார்கள். சேறு, அட்டை, பாலைச் சுமந்துகொண்டு மேடேறும் தூரம் இரண்டு மடங்கு. கங்காணி எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேர் கூப்பிட்டார். "சரிங்க" என்று வாளியை எடுத்துக்கொண்டோம். மன்னிப்புக் கேட்டால் பழைய காடு கிடைக்கும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டு அனுப்பினோம்.

போர்வைகள் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தலையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். வாசலில் டிரெஸ்ஸர் வழியை மறித்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"துரை உத்தரவு இல்லாம உள்ள விட முடியாதும்மா."

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "எம் மக மேல சாக்கப் போட யாருங்க உத்தரவு குடுத்தது?"

அவர் கையிலிருந்த மருந்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு வேலை போயிடும்" என்றார், கெஞ்சுகிற மாதிரி.

"நீங்க பாக்கலன்னு சொல்லிடுங்க. நாங்க பலவந்தமா நுழைஞ்சோம்னு சொல்லுங்க, நாங்களும் ஆமான்னு சொல்றோம்" என்றேன்.

அவர் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே போய்ச் சாக்குகளை எல்லாம் உருவி வெளியே எறிந்தோம். கட்டில் கட்டிலாகப் போர்த்திக்கொண்டே போனோம். ஒரு பெரியவர் தன் மேல் விரித்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோழி நல்லா இருக்கு தாயி" என்றார். "அது மயிலு தாத்தா!" என்று தைத்தவள் கத்த, காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த வார்டில் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். அக்கா மகள் கிடந்த கட்டிலில் வேறு தோட்டத்துப் பெண் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். நட்சத்திரப் போர்வையைப் பார்த்துப் பயந்து, "எனக்கா?" என்றாள். "ஒனக்குத்தான். காலையும் உள்ள இழுத்துக்க" என்று அக்கா ஓரத்தைச் செருகிவிட்டார்.

சில நாள் கழித்து மேற்பார்வைக்கு வந்த பெரிய டாக்டர் போர்வைகளைப் பார்த்து மெச்சினாராம். துவைத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாராம். பாராட்டு துரைக்கும் அவர் சம்சாரத்துக்கும் போனது. கிராணி கிராணியாகவே இருந்தார். அக்காவும் நானும் அடுத்த வருஷமும் பள்ளத்துக் காட்டில்தான் பால் வெட்டினோம். என் கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. வெட்டியது பள்ளத்தில் என்றாலும் நாங்கள் யாருக்கும் குனியவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் மறுபடி ரோட்டோரத்தில் பாயை விரித்தோம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஐந்தாறு பெண்கள் சேலை மூட்டையோடு நடந்து வந்தார்கள். தங்கள் கிராணியும் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார்கள்.

நகர்ந்து இடம் விட்டோம்.