இடது ஓரத்தில் ஓடியவனைத் தேடிய சற்குணம் அண்ணை

சற்குணம் அண்ணையின் மகள் துளசி அழைத்தபோது நான் ஜெர்மனியில் பான் நகரிலிருந்து கொலோனுக்கு வரும் ரயிலில் இருந்தேன். வழக்கம்போல் ரயில் இடைவழியில் காரணம் சொல்லாமல் நின்றிருந்தது. “அன்ரி, அப்பா போயிட்டார். கதிரையில இருந்தபடியே போயிட்டார்,” என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சற்குணம் அண்ணை கதிரையில் இருக்கிற மனிதரா? எங்கள் சஞ்சிகைக் கூட்டங்களில் சுவரோரமாக நடந்துகொண்டே பேசியவர் அவர். “இருந்தால் யோசனை நிண்டிடும், பிள்ளை,” என்பார். அவர் நடக்க நடக்க எங்களுக்குத்தான் தலை சுற்றும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெடுங்காலம் கொலோனில் வீடு வீடாகத் தபால் பொதி கொண்டுபோய்க் கொடுத்தவர். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு உதைபந்து விளையாடியவர். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு தமிழ்ச் சஞ்சிகையில் எழுதியவர். எழுதியது ஒரே ஒரு விடயத்தைப் பற்றித்தான்.

பழைய சாமான் சந்தையொன்றில் அவருக்கு ஒரு புகைப்படம் கிடைத்தது. கோடு போட்ட சட்டையில் பதினொரு பையன்கள், காலடியில் பந்து. கொலோனுக்குக் கிழக்கே முன்பு இருந்த ஓர் இராணுவக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி அது. முதலாம் உலகப் போருக்கு முந்திய கடைசிப் பருவத்தில் எடுத்த படம். அந்தப் பருவத்தை ஆட்டம் ஆட்டமாக எழுதப்போவதாகச் சொல்லிப் படத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அண்ணை, எங்கட ஊர்க் கழகங்களைப் பற்றி எழுதவே ஆளில்லை. உந்த வெள்ளைக்காரப் பெடியளின்ர விளையாட்டு எங்கட சனத்துக்கு என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“பெடியள் பந்தடிச்சுக்கொண்டு நிக்கேக்கை சண்டை வந்தது. உது எங்கட சனத்துக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும்?” என்றார். அடுத்த இதழில் அவருக்கு இடம் ஒதுக்கினேன்.

எழுதினார், நன்றாகவே எழுதினார். பழைய ஜெர்மன் நாளிதழ்களின் கொக்கி போன்ற அச்செழுத்தைத் துளசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆவணக்காப்பகத்துக்கு ரெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துப் போவார். அங்கே கதிரையில் இருந்துதான் வாசிக்க வேண்டும் என்பதால் இடையிடையே வெளியே வந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவாராம்.

உதைபந்து ஆங்கிலேயரின் விளையாட்டு என்று கல்லூரி அதிகாரிகளுக்கு அதில் விருப்பமில்லை. மாணவர்கள் மைதானத்துக்கு அணிவகுத்தே போக வேண்டும். கோல் அடித்தால் கத்தக் கூடாது, நேராக நிற்க வேண்டும். நெசவாலைப் பையன்களோடு ஆடிய நாளில், கோல் அடித்துவிட்டு இவர்கள் விறைத்துக்கொண்டு நிற்க, தோற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எங்கள் வாசகர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ரசித்தார்கள். சேறும் பனியுமாகப் பருவம் வசந்தம்வரை ஓடியது. கடைசி ஆட்டம் மழையால் தள்ளிப்போயிற்று. கோடை விடுமுறை முடிய ஆடலாம் என்றார்கள். கோடையில் போர் வந்துவிட்டது.

அதோடு முடித்திருக்கலாம். அண்ணையால் முடியவில்லை. அந்தப் பதினொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடப் புறப்பட்டார். தேவாலயச் சுவர்களிலும் போர்க் கல்லறைகளிலும் பலருடைய பெயர் கிடைத்தது. ஒருவர் தப்பிப் பிழைத்து, பானில் பல் வைத்தியராக இருந்து, கிழவராகிச் செத்திருக்கிறார். மைதானத்தின் இடது ஓரத்தில் ஓடியவனை மட்டும் காணவில்லை. பிரான்சுக்குப் போன படையில் இருந்தான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவன் பொருட்டுக் கடைசிக் கட்டுரை நின்றுபோனது. அச்சுக்கு நேரமாகிறது, ‘போரில் இறந்திருக்கலாம்’ என்று ஒரு வரி போட்டு முடியுங்கள் என்று நான் நச்சரித்தேன். “செத்ததைக் கண்ட ஆள் இருக்கோ? இல்லையெண்டால் எழுதேலாது,” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

போன கோடையில் கெல்சென்கிர்ச்சன் நகரில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி நடந்தது. அண்ணை அந்தப் படத்தைப் பெரிதாக்கி, எல்லோரும் பார்க்கட்டும் என்று கொண்டுவந்து மேசையில் வைத்தார். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே. மேசையில் ஒரு பழைய படம் இருந்தால் அவர்களுக்குக் கை சும்மா இராது. ஏற்பாட்டாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் மாலை போட்டு, விளக்கேற்றி, ஒரு நிமிட அகவணக்கம் என்று ஒலிவாங்கியில் அறிவித்தும்விட்டார். விளையாட வந்த பிள்ளைகள் தலை குனிந்து நின்றார்கள். அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மாலையைக் கழற்றினார்.

“இதில ஒருத்தன் செத்தது எனக்குத் தெரியாது. மாலை போடாதேயுங்கோ.”

“அண்ணை, இப்ப இருந்தால் அவருக்கு நூற்றி முப்பது வயது வரும்,” என்றார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணை படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துவிட்டார்.

சிரித்தவர்களுக்கும் தெரிந்த கதைதான். அண்ணையின் தம்பி ரமணனைப் போர்க்காலத்தில் ஊரில் ஒரு சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அண்ணையின் வீட்டில் தாய் தகப்பன் படங்களுக்கு மாலை உண்டு. ரமணனின் படத்துக்கு இல்லை.

இப்போது மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் சகோதரர் என்று போகும் எங்கள் ஒழுங்கு. முன்னரே இறந்தவர்களின் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று வரும். அண்ணையின் வீட்டில் இருந்து அதை எழுதிக்கொண்டிருக்கையில், கனடாவிலிருந்து அண்ணையின் மூத்த சகோதரி தொலைபேசி எடுத்தார்.

“ரமணனுக்கும் காலஞ்சென்ற எண்டு போடுங்கோ, பிள்ளை. எவ்வளவு காலத்துக்குத்தான் காத்திருக்கிறது? இனிக் கேக்கிறதுக்கும் ஆளில்லை.”

அது கல்நெஞ்சுப் பேச்சில்லை, களைத்துப்போன பேச்சு. பக்கத்தில் இருந்த அண்ணையின் மனைவி மனோ அக்காவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்களே சொல்லுங்கோ,” என்றார்.

“அக்கா, குறை நினையாதேயுங்கோ. அதை எழுத எனக்கு ஏலாது,” என்று தொலைபேசியில் சொன்னேன்.

“அப்ப இருக்கிற ஆக்களோடயோ போடப்போறியள்?”

“ஓம், அக்கா.”

“அப்பிடியெண்டால் என்ர பேருக்குப் பக்கத்தில போடுங்கோ. நான்தான் அவனைத் தூக்கி வளர்த்தனான்.”

அப்படியே போட்டேன். ரமணனின் பெயரில் பிழை விட்டுவிட்டீர்கள் என்று வாசித்தவர்கள் இப்போதும் அழைக்கிறார்கள். பிழையில்லை என்று சொல்லி வைக்கிறேன்.

‘ஆத்மா சாந்தியடைய’ என்ற வரியை நான் அதில் எழுதவில்லை. ஓரிடத்தில் இருந்தறியாத மனிதருக்கு அதை எந்த வாயால் வேண்டுவது? ஆறாத அவருடைய மனத்தைத்தான் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அது இரவல் சட்டைபோல இன்னும் உடம்பில் பொருந்தவில்லை, கடிக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை ஆவணக்காப்பகத்தில் எனக்கு ரெர்மின். இடது ஓரத்தில் ஓடியவனைத் தேடுவேன். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே எழுதுவேன்.