‘ஃபுல் செட்டில்மென்ட்’ என்று நான் அடித்த ரசீது

மை தடவிய பெருவிரல் ஒன்று காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே அப்படியே நின்றது. காசாளர் பாயை நினைக்கும்போதெல்லாம் முதலில் எனக்குத் தெரிவது அவர் முகமில்லை, அந்தப் பெண்ணின் விரல்தான்.

1950களின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சாலை ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். மாமல்லபுரம் போகும் சாலைக்கு ஜல்லி உடைத்துக் கொடுப்பவர்கள் நாங்கள். இன்டர்மீடியட் தேறியவள் என்பதால் ஆங்கிலத்தில் எனக்குக் கர்வம் அதிகம். பாய் எட்டாவதோடு நின்றவர். ‘ரூபீஸ் ஃபிஃப்டி ஒன்லி’ என்று அவர் எழுதும்போது, ஐம்பதுதானா என்று அழுவதுபோல எனக்குத் தோன்றும். ஒருமுறை அந்த ‘ஒன்லி’யைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேவிட்டேன். “அத எடுத்துட்டா பின்னால எவன் வேணா எதையாவது சேத்துக்குவாம்மா. அது அழகுக்கு இல்ல, வேலிக்கு” என்றார். எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த வருஷம் குவாரியில் பாறை சரிந்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவிக்கு ஆயிரம் ரூபாய் தருவதாக எங்கள் மேனேஜர் ஊரார் முன்னால் வாயால் ஒப்புக்கொண்டார். முதலில் இருநூறு. “ஒரு ரசீது அடிச்சிடுங்க” என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார். நான் கடிதம் எழுதக் கற்பிக்கும் புத்தகம் ஒன்றைப் புரட்டி, அதிலேயே கம்பீரமாக ஒலித்த தொடரைப் பொறுக்கினேன்: ‘இன் ஃபுல் செட்டில்மென்ட்’. அதன் பொருள் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்து விரலில் மை தடவிக்கொண்டார். “கொஞ்சம் இரும்மா” என்று பாய் ரசீதை எடுத்துப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இதத் தமிழ்ல சொல்லு” என்றார்.

சொன்னேன். “இந்த இருநூறோடு எல்லாம் தீர்ந்தது, இனி எனக்கு ஒரு காசும் வர வேண்டியதில்லை.” நான் அடித்ததை நானே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். “இன்னாம்மா சொல்ற? இன்னும் எட்நூறு கீதுன்னாங்களே! ஆளுதான் பூட்டாரு, சொன்ன பேச்சுமா பூடும்?”

பாய் ரசீதோடு மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. “பேசினது ஒண்ணு, எழுதினது ஒண்ணா கீது சார். ‘இன் பார்ட் பேமென்ட்’னு மாத்தணும். இது ஒரு பகுதிதான்னு தெரியணும்.”

மேனேஜர் படித்தார். முதலில் குழம்பினார், பிறகு முகம் மெல்லத் தெளிந்தது. “அடிச்சது அடிச்சபடி இருக்கட்டும் பாய். விரலை வைக்கச் சொல்லுங்க.”

பாய் பணப்பெட்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். “அப்ப நீங்களே குடுங்க. நான் குடுத்தேன்னு இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

அதற்குள் வெளியே அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். மேனேஜர் இறங்கி வந்து, பாய் சொன்னபடியே மாற்றச் சொன்னார். நான் வேறு ரசீது அடித்தேன். அதில் மூன்று இடத்தில் பிழை.

அடுத்த மாதம் பாயைத் தார் பீப்பாய் எண்ணுவதற்குக் கருங்குழிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மேனேஜர் சொல்லித்தான் நான் அப்படி அடித்தேன் என்றே அவர் நம்பியிருந்தார். நானும் வாய் திறக்கவில்லை. அவர் கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

பாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். “ஒரு மாசமா அந்த மனுசன மனசுல திட்டிக்கினே இருந்தேனே” என்றார். பிறகு, “தெரியாம அடிச்சது நீ. தெரிஞ்சும் இருக்கட்டும்னது அவரு. ரெண்டும் ஒண்ணு இல்ல. ஆனா நீ அன்னிக்கே சொல்லிருக்கணும்மா.” பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

இரண்டாம் தவணையாக முந்நூறு கொடுக்கும்போது மேனேஜர் தாமாகவே, “ஃபுல் செட்டில்மென்ட்னு அடிங்க” என்றார். புதுக் காசாளர் தலை நிமிரவில்லை. நான் ‘இன் பார்ட் பேமென்ட்’ என்று அடித்தேன். கீழே, பாக்கி ஐந்நூறு என்று ஒரு வரியும் சேர்த்தேன். கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

“நான் என்ன சொன்னேன்?”

“இன்னும் ஐந்நூறு இருக்கு, சார்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர். கடைசியில் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

அன்று மாலையே கருங்குழியில் இருந்த பாய்க்கு, நடந்ததைச் சொல்லி ஒரு கார்டு எழுதினேன், தமிழில்.