செலஸ்டினின் பிஸ்கட் டின்

செலஸ்டின் ஆண்ட்டி ஞாயிறு நாளிதழைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். சிறுகதை அங்கேதான் இருக்கும். எழுதியவரின் பெயரை முதலில் பார்ப்பார். தன் பெயர் இல்லையென்றால், "சரிலா, யாரு இந்த மகராசன்னு பாப்போம்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படிப்பார். நாசி லெமாக் வாங்க வந்தவர்கள் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

பாக்கார் ஆராங் கடைத்தெருவில் சதாசிவம் அண்ணன் மளிகைக் கடையின் ஓரத்தில் அவருடைய மேசை. சனிக்கிழமை சாயங்காலமே தேவாலயப் பூசைக்குப் போய்விடுவதால் ஞாயிறு காலை வியாபாரத்துக்கு. வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறு, மிளகாய்ச் சம்பால், நெத்திலி, பாதி முட்டை. அதற்கு மேல் பழைய தாள். படித்த கதை சுமார் என்றால் அந்தப் பக்கத்தை நான்காகக் கிழித்துப் பொட்டலம் கட்டிவிடுவார். நன்றாக இருந்தால் மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் வைப்பார். பதினோரு வருஷத்தில் டின் பாதிகூட நிறையவில்லை.

பதினோரு வருஷமாக அவரும் கதை அனுப்புகிறார். பத்திரிகையிலிருந்து பதில் எதுவும் வராது. பன்னிரண்டு ஞாயிறு பார்த்துவிட்டுக் காலண்டரில் ஒரு சிலுவை போடுவார். அடுத்த கதைக்கு உட்கார்ந்துவிடுவார். முன்பு குருண் என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலையில் அவருக்கு இருபது வருஷம் ஓட்டை பார்த்துப் பிரிக்கும் வேலை. "ஓட்டைன்னா ரிஜெக்ட்டு. தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுக்கணும். நீ அழுதுட்டு நின்னா லைன் நிக்குமாமா?"

நான்கு வருஷம் நாடு நாடாக அலைந்து திரும்பிய என்னிடம், பார்த்த கோபுரங்களைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. "பஸ்ல ஒம்பக்கத்துல உக்காந்தவ என்ன பேசுனா? அதச் சொல்லு" என்பார்.

போன வருஷம் அனுப்பிய கிறிஸ்மஸ் கதை மட்டும் அவரை ஆட்டிவிட்டது. பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, பெயரும் ஊரும் சரிதானா என்று கேட்டிருக்கிறாள். "போடாமலா கேப்பாங்க?" என்று ஆண்ட்டி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "இதுவும் வரலன்னா பேனாவ மூடி வெச்சிருவேன்மா. சத்தியமா" என்றார்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு; விட்டால் அந்தக் கதைக்கு வேறு வாரம் இல்லை. லாரி ஓட்டும் காளிதாசன் அண்ணன் வழக்கம்போல வந்து நின்றார். "அக்கா, நாலு பங்குஸ் கட்டுங்க. இன்னிக்கு யாரு கதைல எனக்குச் சோறு?"

ஆண்ட்டி நாளிதழின் பின்பக்கத்தைப் பிரித்தார். கதையின் மேலே, எழுதியவர் பெயரும் ஊருமாக, 'டிஃபனி, பெண்டாங்' என்றிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கையிலிருந்த கரண்டியிலிருந்து சம்பால் மேசையில் சொட்டியது. கதையில், வயலில் வெள்ளம் ஏறுகிறது. ஒரு தாய் கிறிஸ்மஸ் குடிலைத் தூக்கி அரிசி மூட்டைமேல் வைக்கிறாள். கடைசி வரியில் ஆண்ட்டி மூக்கை உறிஞ்சினார்.

"நல்லா எழுதிருக்கா, பாவி."

பக்கத்தை மடித்து டின்னில் வைத்தார்.

"அப்ப எனக்கு?" என்றார் காளிதாசன்.

பழைய தாள் தீர்ந்திருந்தது. ஆண்ட்டி டின்னுக்கு அடியிலிருந்து தன் கிறிஸ்மஸ் கதையின் நகலை உருவினார். கையால் எழுதிய ஐந்து நீளத் தாள்கள். மற்றவர்கள் கதையைப் படிக்கும் அதே முகத்தோடு படித்தார். "இங்க எதுக்கு வானத்துலேருந்து சம்மனசு எறங்கி வந்து பேசுது?" முதல் தாள் ஒரு பொட்டலத்தைச் சுற்றியது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின.

"அக்கா, ஒங்க கதையா? வேணாம்லா, நான் கையிலயே ஏந்திட்டுப் போறேன்."

"பிடிலா. ரிஜெக்ட்டு."

நான்காவது தாளில் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். கையுறைத் தொழிற்சாலையிலிருந்து நேரே பூசைக்கு வந்த ஒருத்தி, நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் நிற்கிறாள். கையை நீட்டுமுன் விரல்களை ரகசியமாக முகர்ந்து பார்க்கிறாள். ரப்பர் வாடை போகவில்லை.

ஆண்ட்டி அதை இரண்டாம் முறை படித்தார். ஐந்தாவது தாளைப் பார்க்காமலே எடுத்துக் கடைசிப் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார்.

"பேனா இருக்காமா?"

கொடுத்தேன். கட்டைவிரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, தாளின் மூலையிலிருந்த பக்க எண் 4ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 1 என்று எழுதினார்.