பாவு நூலில் ஏறிய மின்னூட்டம்

கல்யாணமாகிச் செல்லூருக்கு வந்த முதல் கோடையில், எங்கள் வீட்டு விசைத்தறிகளில் நூல் கிறுக்குப் பிடித்ததுபோல் நடந்துகொண்டது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பாலியஸ்டர். மதியம் காற்று காய்ந்ததும் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் புடைத்து நிற்கும். தூசியெல்லாம் வந்து ஒட்டும். பிறகு அறுந்துபோகும். தறி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம்.

மாமனார் நூல் வியாபாரியைத் திட்டினார். "மட்ட நூலக் குடுத்து ஏமாத்திட்டான். அம்புட்டையும் திருப்பி அனுப்பப் போறேன்."

தறிக்கூட வாசலில் நின்று சொன்னேன்: "மாமா, நூல்ல குத்தமில்ல. உரசி உரசி எல்லா இழையிலயும் ஒரே மாதிரி கரண்டு ஏறியிருக்கு. அதான் ஒண்ண ஒண்ணு தள்ளுது."

"பிஎஸ்சி படிச்சா தறி ஓட்டிர முடியுமாத்தா? மருமகளுக்கு இங்க என்ன சோலி? உள்ள போ."

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். இடைவெளி குறையக் குறைய விசை கூடும். பாவில் இழைகள் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன! இதையே பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண். வீட்டில் சொன்னால் வாயை மூடு. எனக்கு அது செரிக்கவில்லை.

மறுநாள் மாமனார் சாப்பிட்டுப் படுத்ததும் தறியை நிறுத்தி, அதன் இரும்புச் சட்டத்திலிருந்து எர்த்துக்கு வயர் இழுத்தேன். தறியை ஓட்டிப் பார்த்தால், இழைகள் முன்போலவே புடைத்து நின்றன.

"விட்டுரு. அப்பா பாத்தா சத்தம் போடுவாரு" என்றார் கணவர்.

"போடட்டும். நான் விடமாட்டேன்."

பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. பாலியஸ்டர் மின்சாரத்தைக் கடத்தாது. சட்டத்துக்கு எர்த் கொடுத்தால் நூலில் இருப்பது எப்படி இறங்கும்? நூலுக்குப் பக்கத்திலேயே போய்த்தான் எடுக்க வேண்டும். கூர்முனையில் மின்புலம் வலுக்கும், அங்கே காற்றே கடத்தத் தொடங்கும் என்பதும் நான் படித்ததுதான்.

பழைய செப்பு வயரை உரித்தேன். உள்ளிருந்த மெல்லிய கம்பிகளைச் சீப்புப் பல்போல் விரித்து ஒரு பட்டையில் கட்டினேன். இந்த முறை கணவரே ஸ்பேனர் பிடித்தார். பாவுக்கு மேலே, நூலைத் தொடாமல், குறுக்காக மாட்டி எர்த்தில் இணைத்தோம். காற்றில் ஈரம் ஏறட்டும் என்று தரையில் நனைத்த சாக்குகளையும் விரித்தேன்.

இழைகள் படிந்து ஓடின. அறுபடவே இல்லை என்று சொல்லமாட்டேன், எப்போதாவது அறுந்தது. மாமனார் வந்து பார்த்தார். கம்பியைக் கழற்றவில்லை.

சில நாள் கழித்து அடுத்த சந்துத் தறிக்காரர் வந்து, பாவுக்கு மேலிருந்த கம்பியைப் பார்த்து, "இது யாருண்ணே போட்டது?" என்று கேட்டார்.

"நம்ம வயர்மேன்தான்" என்றார் மாமனார்.

வீட்டுக்குள்ளிருந்து நேரே தறிக்கூடத்துக்கு வந்தேன். "நான்தாண்ணே போட்டேன். உங்க தறிக்கும் வேணும்னா சொல்லுங்க, வாரேன்."

"நாளைக்கே வாத்தா" என்றார் அவர். மாமனார் முகம் சிவந்தது. நான் தலையைக் குனியவில்லை. மறுநாள் காலை, செப்புக் கம்பிச் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவே பார்க்க அடுத்த சந்துக்கு நடந்தேன்.