பின்கட்டிட வகுப்பு

பிரெஞ்சு பேசும் ஊரொன்றில், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கும் ஜொய்சி மன்னாரில் பிறந்தவள். ஆசிரியர் என்றால் அவளுக்குப் பங்குச் சுவாமிக்கு அடுத்தபடி. அந்த மரியாதைதான் அவள் காலை வாரிவிட்டது.

மகள் ஜெசிக்கா பன்னிரண்டு வயதில் வந்தபோது, பள்ளிக்கூடம் அவளைப் பின்கட்டிடத்தில், புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் போட்டது. ஒரு வருஷம் என்றார்கள். மூன்று வருஷம் முடிந்தும் மாற்றவில்லை. வாசல் வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடாகியும், முன்கட்டிடத்துப் பிள்ளை ஒன்றின் பெயர்கூட ஜெசிக்காவுக்குத் தெரியாது. பதினாறு முடிந்தால் வயதுவந்தோர் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஒரு வருஷமாவது மகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கவேண்டும். ஜொய்சி கேட்டது அவ்வளவுதான்.

தன் மகளையும் அதே கட்டிடத்துக்கு அனுப்பிய சிவநேசம், பெற்றோரைத் திரட்டிப் பள்ளி நிர்வாகத்தின்மேல் வழக்குப் போட்டார். ஜொய்சி சாட்சி சொல்லப் போனாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூன்று கடிதங்களை எடுத்து வைத்தார். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் பலகாரப் பெட்டியோடு அவள் ஆசிரியைக்குக் கொடுத்தவை. அவள் தமிழில் சொல்லச் சொல்ல ஜெசிக்கா பிரெஞ்சில் எழுதியவை. எங்கள் பிள்ளையை உங்கள் வகுப்பிலேயே வைத்திருப்பதற்கு மிக்க நன்றி என்று இருந்தது. ஒரு மரியாதைக்கு எழுதிய வரி. பாவி மனிதர் அதை இரண்டு தடவை வாசித்தார். பின்வரிசையில் இருந்த ஜெசிக்கா தலை நிமிரவேயில்லை.

நீதிபதி கடிதங்களில் மயங்கவில்லை. வகுப்புகளைக் கலக்கத் திட்டம் போடச் சொன்னார். நிர்வாகம் சும்மா விடுமா? அதே கடிதங்களைத் தூக்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை திட்டம் கிடப்பில் கிடந்தது. ஒன்றரை வருஷம் அப்படியே போயிற்று. கடிதம் இல்லாவிட்டாலும் அவர்கள் மேலே போயிருப்பார்கள் என்று சிவநேசம் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு மனம் ஆறவில்லை.

போன புரட்டாதியில் சிவநேசம் அவளுக்குப் போன் எடுத்தார்.

"வெண்டிட்டம் தங்கச்சி. திங்கட்கிழமை தொடக்கம் பிள்ளையள் முன்கட்டிடத்தில."

அவருடைய மகளை நினைத்து ஜொய்சிக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டுக்குமாகச் சேர்த்து அழுதாள். ஜெசிக்காவுக்குப் பதினேழு வயது. வயதுவந்தோர் பள்ளிக்குப் போகத் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன.

அன்று பின்னேரம் மகள் வந்ததும் செய்தியைச் சொன்னாள். ஜெசிக்கா நல்லது என்றாள். இத்தனை நாளும் கேட்கப் பயந்திருந்ததை ஜொய்சி அப்போதுதான் கேட்டாள்.

"இப்ப உன்ர வகுப்பில ஆர் ஆர் இருக்கினம் பிள்ளை?"

ஜெசிக்கா சப்பாத்தைக் கழற்றினாள்.

"எல்லாரும் எங்களைப்போல வந்த ஆக்கள்தான் அம்மா."